மைக்குக்கும் முதுகு உண்டு தம்பி

சேலையூர் ஃப்ளாட்டு, 10-க்கு 12 ஹாலு. அதுக்குள்ள டிரம்ஸ், பேஸ் கிட்டார், லீட் கிட்டார், கீபோர்டு, நடுவுல ஒரு பாடகரு. பாட்டு ரெக்கார்டு பண்ண ரிச்சி ஸ்ட்ரீட்டுல எட்டு மைக்கு வாங்கியாந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். எட்டுலயும் டிரம்ஸ்தான் கேக்குது. ஒண்ணு வாங்கியிருந்தா ஒரு தடவதான் கேட்டிருக்கும், காசும் மிச்சம்.

நான் மதுராந்தகம் பக்கம் கல்யாணத்துக்கும் கூத்துக்கும் ஆஹுஜா ஆம்ப்ளிஃபையரும் குழாய் ஸ்பீக்கரும் கட்டிப் பொழச்சவன். உங்க கம்ப்யூட்டரு எனக்குத் தெரியாது. குழாயப் பாத்தா மைக்கு ஊளையிடும், முதுகக் காட்டுனா அடங்கிடும், அது தெரியும். நீங்க வாங்குன ஷூர் 57, 58-க்கு நேர் பின்பக்கம் காது ரொம்ப மந்தம். அந்தப் பக்கம் டிரம்ஸ் இருக்கணும். அதாவது, பாடகரு டிரம்ஸப் பாத்துப் பாடணும். உங்காளு டிரம்ஸுக்கு முதுகக் காட்டி எதிர் ஃப்ளாட்டு பால்கனியப் பாத்துப் பாடுறாரு. பால்கனியில யாருன்னு நான் கேக்கல. ஆனா மைக்கு அவரு தோளுக்கு மேல டிரம்ஸத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. பீட்டா 58-ன்னா கணக்கு வேற: நேர் பின்னால அதுக்குக் கொஞ்சம் கேக்கும், பின்பக்க ஓரம் ரெண்டுலதான் மந்தம். கொஞ்சம் சாய்ச்சு வையுங்க.

மைக்கு வால்யூமக் குறைச்சா டிரம்ஸ் போயிடும்னு ஒரு தம்பி சொல்றாரு. குரலும் சேந்துல்ல போவும்! உதட்டுக்கும் மைக்குக்கும் ஒரு சாண் இருந்தத அரைச் சாணாக்குனா குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். டிரம்ஸ் அங்கயேதான் நிக்கும். அதேமாதிரி ஒரு மைக்கு ஆம்புக்கு ஒரு சாண்ல இருந்தா, அடுத்த மைக்கு அதுலேருந்து மூணு சாணாவது தள்ளி இருக்கட்டும். இல்லன்னா ஒரே சத்தம் ரெண்டு மைக்குக்கும் முன்னப்பின்ன வந்து, ஒண்ண ஒண்ணு தின்னு, சொத்தையா கேக்கும்.

பேஸும் கீபோர்டும் ஹால்ல சத்தமே போட வேணாம். டிஐ பாக்ஸ்ல சொருகி வயர் வழியாவே பதிஞ்சு, ஹெட்ஃபோன்ல கேளுங்க. காத மூடுற ஹெட்ஃபோனு. இல்லன்னா அதுலேருந்து கசியுற டிக் டிக் பாட்டுல விழும். கிட்டார் ஆம்ப பெட்ரூம்ல மெத்தைக்குப் பின்னால வெச்சுக் கதவச் சாத்துங்க. பாத்ரூம் வேணாம், டைல்ஸு கத்தும். சொவத்துல பவானி ஜமுக்காளத்த ரெண்டா மடிச்சு, கொஞ்சம் தள்ளித் தொங்க விட்டா சிம்பல் கூர்மை அடங்கும். கிக் டிரம்முக்கு அதெல்லாம் பொருட்டே இல்ல. மாடி வீட்டுக்காரரக் கேளுங்க, தாளத்தோட சொல்லுவாரு.

1925 வாக்குல ரெக்கார்டிங்குக்கு மைக்கு வர்ற வரைக்கும், கிராமபோன் தட்டு பதிஞ்சப்ப எல்லாரும் ஒரே கொம்பு முன்னாடிதான். சத்தக்காரனத் தூரத் தள்ளி, சன்னக் குரலக் கிட்ட நிறுத்துனாங்க. அப்புறம் வடபழனி, சாலிகிராமம் சினிமா ஸ்டுடியோவுல மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒண்ணா வாசிக்க, பாடகரு கண்ணாடி ரூமுக்குள்ள பாடுனாரு. ஒருத்தர் தப்புனா எல்லாருக்கும் முதல்லேருந்து. அந்தப் பயத்துல யாரும் கைய ஓங்கல. உங்க டிரம்மரு மட்டும் கொடுத்த கடன வசூல் பண்றவராட்டம் அடிக்கிறாரு. கொஞ்சம் மெல்ல அடிச்சா பாதி மைக்குப் பிரச்சனை தீரும். இத எந்தக் கடையிலயும் விக்க மாட்டான், அதான் யாரும் உங்களுக்குச் சொல்லல.

இவ்ளோ செஞ்சும் கொஞ்சம் கசியும். ஒவ்வொரு டிராக்கா சோலோ போட்டுக் கேட்டுத் தலையில அடிச்சுக்காதீங்க. கேக்குறவன் மொத்தமாத்தான் கேப்பான். கசியுற சத்தம் நல்லா இருந்தா பாட்டுக்கு ஒடம்பு குடுக்கும்.

ஏர்ஃபோர்ஸ் விமானம் தலைக்கு மேல போனா டேக்க நிறுத்திடுங்க, அதுக்கு எந்த முதுகும் பலிக்காது. அசோசியேஷன் செகரட்டரி வந்து கதவத் தட்டுனா மட்டும் நிறுத்தாதீங்க. உள்ள கூப்பிட்டு, காப்பி குடுத்து, கோரஸுல ரெண்டு வரி பாடச் சொல்லுங்க. அப்புறம் பாருங்க, அடுத்த ரெக்கார்டிங் எப்பன்னு அவரே கேட்டுக்கிட்டு வருவாரு.