முதல் ஐஸ் உன் கணக்கு

வா மருமகனே, உக்காரு. அந்தக் கட்டில் வேண்டாம், கயிறு தொய்ஞ்சு கெடக்கு. பேங்க் மேனேஜர் தொப்பையைத் தாங்காது. இங்கன திண்ணையில உக்காரு.

ராத்திரி ரெண்டு மணிக்கு மச்சியில உலாத்திக்கிட்டு இருந்தியே, மெட்ராஸ்காரனுக்குக் கரிசக்காட்டு வெக்கை ஒத்துக்கலைன்னு நெனச்சேன். காலையில உங்க அத்தை சொல்லித்தான் வெவரம் தெரியுது. நாளைக்கு நாலு நாள் டூர் கெளம்புதீக. பிள்ளைக கைச்செலவுக்கு எம்புட்டுக் குடுக்கன்னு புருசனும் பொஞ்சாதியும் விடிய விடியப் பேச்சாமே? எப்பா, நீ என்ன உத்தியோகம் பாக்க? டிராக்டர் கடனா, ஆறு லட்சம், ஒரு கையெழுத்து. கறவமாட்டுக் கடனா, எழுபதாயிரம், இன்னொரு கையெழுத்து. ஒம்பது வயசுப் பயலுக்கு முந்நூறா ஐந்நூறான்னு வந்தா மட்டும் தூக்கம் போயிருது. அவன்கிட்ட ரெண்டு பேர் ஜாமீன் கேட்டுப் பாக்க வேண்டியதுதான?

டூர் எங்கன்னு கேட்டேன். திருச்செந்தூர், கன்னியாகுமரி, திரும்பையில குத்தாலம்னா உன் மக. சித்திரை வெயில்ல குத்தாலத்துக்குப் போற ஆளை இப்பத்தான் பாக்கேன். சாரல் எட்டிப் பாக்க ஆனி பொறக்கணும். அதுவும் பள்ளிக்கூடத்தைத் தொறந்து பிள்ளைகளை உள்ள தள்ளிப் பூட்டுன பொறகுதான் அருவிக்கு உற்சாகமே வரும். கோட லீவுக்கும் குத்தாலத்துத் தண்ணிக்கும் என்னைக்குமே ஆகாது. சரி, போயிட்டு வாங்க. பேரருவி எந்தப் பாறையில விழும்னு அடையாளமாவது தெரிஞ்சுக்கிடலாம்.

விசயத்துக்கு வாரேன். போன வருசம் கொடைக்கானல் போனீகளே, மூணு நாள்ல பிள்ளைக ஆசைக்குன்னு போனது எம்புட்டுன்னு உன் வீட்டுக்காரிகிட்டக் கேட்டேன். அவ போனை எடுத்து, விரலை வச்சு மேல தள்ளித் தள்ளிப் பாத்தா. குதிரைச் சவாரி. மறுபடியும் குதிரைச் சவாரி. அவிச்ச சோளம். சாக்லேட். வெளக்கெரியற கொம்பு. கூலிங்கிளாஸ். இன்னொரு கூலிங்கிளாஸ், மொதக் கண்ணாடி ஏரியில விழுந்துருச்சாம். கூட்டிப் பாத்தா 4,260 ரூவா. அவளே வாயில கை வச்சுட்டா. நீ அப்பவும் மச்சியில உலாத்திக்கிட்டு இருந்த.

இதுல பிள்ளைக செலவழிச்சது எம்புட்டு தெரியுமா? ஒத்த ரூவா கெடையாது. பூராவும் நீ செலவழிச்சது. அதுக கையை நீட்டுச்சு, நீ போனை நீட்டுன. அம்புட்டுத்தான் நடந்தது. பழியை மட்டும் பச்சப்பிள்ளைக மேல போட்டுட்ட.

அதுகளைக் குத்தம் சொல்லி என்ன செய்ய? பணத்தை அதுக கண்ணுல பாத்தாத்தான? எங்க காலத்துல பணத்துக்குன்னு ஒரு உருவம் இருந்துச்சு. அஞ்சு காசு சதுரம். பத்துக் காசு ஓரம் வளைஞ்சு வளைஞ்சு பூ மாதிரி. மூணு காசுக்கு ஆறு மூலை. இருவது காசு பித்தளையில தாமரைப்பூப் போட்டு மினுமினுன்னு இருக்கும், செலவழிக்க மனசு வராது. கண்ணை மூடிக்கிட்டு டவுசர் பையில கையை விட்டாப் போதும், விரலே கூட்டிச் சொல்லிரும். செலவழிக்கச் செலவழிக்கப் பை எளைச்சுக்கிட்டே வரும். உன் போன் அப்பிடியா எளைக்குது? கடையில இருக்கற அந்தப் பொட்டிதான் பொம்பளக் குரல்ல ‘நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது’ன்னு ஊருக்கே கேக்கக் கத்துது. கடைக்காரனுக்கு வந்ததைச் சொல்ல ஒரு பொட்டி செஞ்சிருக்காக. உனக்குப் போனதைக் கத்துறதுக்கு ஒரு பொட்டி செஞ்சாகளா? செய்ய மாட்டாக.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது, 1958ன்னு வச்சுக்க, கழுகுமலைப் பங்குனி உத்திரத்துக்கு எங்க ஆச்சி ஒரு நாலணாவைக் கையில வச்சா. புதுக்காசு வந்து ஒரு வருசந்தான் ஆயிருந்தது. பழைய காசும் புதுக்காசும் கலந்து ஓடுது. பேச்செல்லாம் அணாவுல, குடுக்கல் வாங்கல் நயா பைசாவுல. ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் காலை எங்க கொண்டுபோய் வெட்ட? அதனால சர்க்காரே ஒரு பட்டியல் போட்டுக் குடுத்திருந்தது. ஒரு அணாவுக்கு 6 பைசா, ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. மிட்டாய்க்கடையில அதைத் தட்டியில ஒட்டி வச்சிருந்தாக. நான் அதைப் பாத்துக்கிட்டே நிக்கேன். நாலணாவுக்குச் சேத்து வாங்கினா 25ம் போச்சு. ஒரு அணா ஒரு அணாவா நாலு வாட்டி வாங்கினா 24. ஒரு பைசா மிச்சம்!

வாங்கினேன். நாலு வாட்டியும் கூட்டத்துக்குள்ள முண்டியடிச்சுப் போனேன். மூணாவது வாட்டியே கடைக்காரர் ஒரு மாதிரியாப் பாத்தாரு. நாலாவது வாட்டி, “எலே, நீ யார் வீட்டுப் பய?”ன்னாரு. சொன்னேன். “ஒங்கய்யாவைப் பாத்தா கணக்கெழுத ஒன்னை எங்கிட்ட அனுப்பச் சொல்லு”ன்னாரு. எங்கய்யா மாடு மேய்க்கத்தான் அனுப்புனாரு, அது வேற கதை. அன்னைக்கு அவரு பணப்பையோட என் பக்கத்துல நின்னிருந்தா அந்தப் பட்டியல் என் கண்ணுலயே பட்டிருக்காது.

இன்னொரு வருசக் கதையும் இருக்கு. அது பெருமையில்ல, ஆனாச் சொல்லணும். எட்டணா குடுத்தாக. தேரோட்டக் கூட்டத்துல ஒருத்தன் சோப்பு, சீப்பு, கண்ணாடியெல்லாம் பரப்பி வச்சு, வளையத்தை எறி, விழுந்தது உனக்குங்கான். எறிஞ்சேன். ஒரு சோப்பு டப்பா ஓரத்துல பட்டுப் பட்டுத் துள்ளி ஓடுது. அரைமணி நேரத்துல எட்டணாவும் காலி. ராத்திரி பூராவும் அடுத்தவன் சவ்வு மிட்டாய்க் கடிகாரம் கட்டுறதைப் பாத்துக்கிட்டே சுத்துனேன். எங்கய்யாவுக்குத் தெரியும், மூஞ்சியைப் பாத்தா தெரியாதா? மடியில காசு இருந்தது. மனுசன் அசையலையே! வீட்டுக்கு வரும்போது தோள்ல தூக்கிக்கிட்டு வந்தாரு, அம்புட்டுத்தான். அதுக்குப் பொறகு ஊர்ல எத்தனையோ பேரு மாசத்துக்கு மூணு வட்டி, அஞ்சு வட்டின்னு பைனான்ஸ் கம்பெனியில கொண்டு போட்டுத் தலையில துண்டைப் போட்டாக. நான் ஒரு பைசா போடலை. போட்டது யாருன்னு உங்க அப்பாகிட்டக் கேட்டுக்க. மச்சான் சின்னதுல வளையம் எறிஞ்சதில்ல பாவம்.

அதனால தொகை பெரிசில்ல மருமகனே. கொடைக்கானல் கணக்குல கால்வாசியை எடு. சுமாரா ஆயிரம் வருதா? பெரியவளுக்கு 600, சின்னவனுக்கு 400. ஏன் வித்தியாசம்னு சின்னவன் குதிப்பான். களை எடுக்குறதுல பெரியாளுக்கும் சின்னாளுக்கும் ஒரே கூலியாடான்னு கேளு. மெட்ராஸ்ல பொறந்த பயலுக்குக் களைன்னா என்னன்னு தெரியாது, முழிப்பான். அந்த நேரத்துல குடுத்து முடிச்சிரு.

பெரியவளுக்குப் பதிமூணு வயசு, மொத்தமாக் குடுத்துரலாம். ரெண்டு நாள்ல கரைச்சாலும் அவளே மென்னு முழுங்கட்டும். சின்னவனுக்கு மொத்தமாக் குடுத்தா திருச்செந்தூர்க் கடக்கரை மணல்ல பாதி கெடக்கும். அவனுக்குத் தெனம் காலையில எழுபத்தஞ்சு. நாலு நாளைக்கு முந்நூறு. மிச்சம் நூறு கன்னியாகுமரியில, ஞாபகத்துக்கு ஏதாவது வாங்கிக்கிட.

குடுக்கும்போதே எல்லைக்கல் நட்டுரணும். சோறு, தண்ணி, படகு டிக்கெட்டு, அந்து போன செருப்பு எல்லாம் தகப்பன் கணக்கு. நாக்கு வறண்டா பதநீர், நுங்கு அதுவும் தகப்பன் கணக்கு. முதல் ஐஸ் உன் கணக்கு. ரெண்டாவது ஐஸ் அவன் கணக்கு. இதை மட்டும் சொல்லிப்பாரு, ரெண்டாவது ஐஸ்காரன் மணி அடிக்கும்போது உன் பய மொத தடவையா யோசிச்சு நிப்பான். அந்த மூஞ்சியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

பெறவு, ஐந்நூறு ரூவாத் தாளாக் குடுத்துத் தொலைக்காத. சங்குல பேரு எழுதறவன் சில்லறை இல்லைம்பான், பிள்ளை அப்பாங்கும், நீ போனை எடுத்துருவ. பத்தும் இருவதுமா மாத்தி வையி. உங்க பேங்குல மூட்டையாக் கெடக்கே பத்து ரூவாக் காசு, அதை மட்டும் கொண்டாந்துராத. ரிசர்வ் பேங்க் எத்தனை வாட்டி செல்லும் செல்லும்னாலும் நம்ம பக்கத்துக் கடைக்காரன் அதைத் தேளைப் பாக்குற மாதிரித்தான் பாக்கான். ரூவா நோட்டுல கையெழுத்துப் போடுற மனுசனை நம்புதான், காசுல நம்ப மாட்டேங்கான்.

கடைசியா ஒண்ணு, இதுதான் உனக்குக் கஷ்டம். குடுத்த பொறகு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். “இந்தக் கண்றாவியை எதுக்குடா வாங்குன”ன்னு ஒரு வார்த்தை வரப்படாது. உனக்குப் பத்து வயசு இருக்கும்போது நாந்தான் உன்னைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போனேன், ஞாபகம் இருக்கா? அப்ப வள்ளுவர் சிலை இல்ல, அது 2000ல வந்தது. இந்தக் கண்ணாடிப் பாலம் நேத்து வந்தது. விவேகானந்தர் பாறை மட்டும் தனியா நிக்கும். உங்கிட்டக் குடுத்த காசுல நீ என்ன வாங்குன? கலர் கலரா மணல் பொட்டலம். ஏழு பொட்டலம்! வீட்டுக்கு வந்ததும் எங்கக்கா, உங்கம்மா, ஆடுன ஆட்டம் இருக்கே. “காசு குடுத்து மண்ணை வாங்கிட்டு வந்திருக்கானே பாவி, நம்ம காட்டுல இல்லாத மண்ணா”ன்னு தெருவே கூடிருச்சு. இன்னைக்கு நீ தாம்பரத்துக்கு அங்கிட்டு அரை கிரவுண்டு மண்ணை எழுபது லட்சத்துக்கு வாங்கிப்போட்டு இருவது வருசத்துக்கு மாசாமாசம் தவணை கட்டுத. அக்கா ஒண்ணும் சொல்லலையே? பூமி பூசைக்குல்ல வந்தா!

உன் வீட்டுக்காரிகிட்டயும் ஒரு சொல் போட்டு வையி. சொந்தக்காரக வீட்டுல இருந்து கெளம்பும்போது பிள்ளைக கையில நூறு, இருநூறுன்னு திணிப்பாக. மறு நிமிசமே, “குடு, அம்மா பத்திரமா வச்சிருக்கேன்”னு அவ கைப்பைக்குள்ள போயிரும். நானும் பாத்துட்டேன், எங்கம்மா, உங்கம்மா, உங்க அத்தை எல்லாரும் நடத்துன பேங்க்தான் அது. வட்டி கெடையாது, அசலும் கெடையாது, ஒரு நாளும் திவாலாகாது. நீங்கள்லாம் அங்கதான் டிரெயினிங் எடுக்கணும். ஆனா இந்த நாலு நாள் அதுக்கு லீவு விடச் சொல்லு. உறவுக்காரக குடுக்கறது பிள்ளை கைக்குப் போனா, நீ குடுக்குற தொகையில அம்புட்டைக் கழிச்சுக்க. கழிக்கப் போறன்னு முன்னாலயே சொல்லிரணும். சொல்லாமக் கழிச்சா அதுக்குப் பேரு வேற, நீ பேங்க்காரன், உனக்குத் தெரியும்.

என்ன யோசிக்க? 600ம் 400ம் எப்பிடிச் சொல்லி முடிக்கவா? அதுல ஒரு கஷ்டமும் இல்ல. சாயங்காலம் ரெண்டும் உங்கிட்ட வரும். பெரியவ எண்ணூறு கேப்பா, சின்னவன் அறுநூறு கேப்பான். நீ நானூறு, இருநூத்தம்பதுன்னு ஆரம்பி. மொதல்ல சின்னவன் கண்ணைக் கசக்குவான், அதுக்கு மசியாத. பெரியவ உடனே, “அப்பா, நாங்க மொதத் தடவையா சொந்தமாக் கணக்கு எழுதிக் காட்டுதோம்”னு ஒரு நோட்டை எடுத்து நீட்டுவா. அப்ப எறங்கி வா. 600, 400ல வந்து தன்னால நிக்கும்.

எப்பிடி இம்புட்டுத் துல்லியமாச் சொல்லுதேன்னு பாக்கியா? இன்னைக்குக் காலையில ரெண்டும் இதே திண்ணையில வந்து உக்காந்து, “தாத்தா, அப்பாகிட்ட எம்புட்டுக் கேட்டா எம்புட்டு கெடைக்கும்”னு வெவரம் கேட்டுச்சு. நோட்டு நம்ம அலமாரி நோட்டுதான். கண்ணைக் கசக்குறது அவன் சொந்த யோசனை, நான் சொல்லிக் குடுக்கலை.

எனக்குக் கூலி ரெண்டு சில்லுக் கருப்பட்டி, திருச்செந்தூர்ல வாங்கிட்டு வரணும்னு பேச்சு. அது அதுக கணக்கு. நீ குறுக்க விழுந்து போனை நீட்டிராத.