கோமகன் மூக்கும் ஒரு குறளும்: ஆராய்ச்சி முன்னுரை

பழைய ராஜா ராணி ஜோடிப் படத்தைக் கண்டதும் நாலு வரி நையாண்டி பாடத் தோன்றுவது இயல்பா, வியாதியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இவ்வாய்வு அதில் தலையிடாமல் ஒரே ஒரு மூக்கோடு நின்றுகொள்கிறது.

மூக்குக்குரியவர் இத்தாலியில் உர்பினோவை ஆண்ட ஃபெடரிகோ ட மொன்டெஃபெல்ட்ரோ (1422-1482). கூலிக்குப் போர் நடத்திய படைத்தலைவர். 1474இல்தான் போப்பாண்டவர் அவரைக் கோமகன் ஆக்கினார். ராஜா என்று சொல்ல முடியாது. மூக்கு மட்டும் சக்கரவர்த்திக்குரியது.

பியரோ டெல்லா பிரான்செஸ்கா அவரையும் மனைவியையும் வரைந்த இரட்டைப் படம் ஃபிளாரன்ஸின் உஃபிஸி கூடத்தில் இருக்கிறது. பலகை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 47 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம். ஒரு பலகையில் கோமகன்: சிவப்புத் தொப்பி, சிவப்புச் சட்டை, கன்னத்து மருக்கள். நெற்றிக்குக் கீழே உளியால் வெட்டி எடுத்தாற்போல் ஒரு பள்ளம், அங்கிருந்து மூக்கு புறப்படுகிறது. எதிர்ப்பலகையில் மனைவி பத்தீஸ்தா ஸ்ஃபோர்ட்ஸா: வெளிறிய முகம், அக்கால மோஸ்தர்படி ஏறிய நெற்றி, கழுத்தில் முத்து. நேருக்கு நேர் இருந்தும் பேச்சுவார்த்தை நடப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

1450 வாக்கில் ஈட்டிப் பந்தயம் ஒன்றில் கோமகனின் வலக்கண் போயிற்று. அதனால் ஓவியர்களுக்கு இடக்கன்னமே கதி. மிலானின் பிரேரா கூடத்துப் படத்தில் கவசத்தோடு மண்டியிடுகிறார். உர்பினோவில் உள்ள படத்தில் கவசத்தோடே புத்தகம் படிக்கிறார். இரண்டிலும் அதே கன்னம். ஜோடிப் படத்தில் கணவருக்கு வழக்கமாக ஒதுக்கும் இடப்பக்கமும் இங்கே மனைவிக்குப் போய்விட்டது. இத்தனை ஆதாரத்தையும் திரட்டியபின் பிறந்த குறள் இது:

ஒற்றைக்கண் ணாலூரை ஓம்பினார் கோமகனார்
மற்றதற்கு மூக்கே மதில்.

விசேடவுரை: இந்த மதில் பகைவரைத் தடுப்பதன்று, பார்வையாளரைத் தடுப்பது.

பத்தீஸ்தா பக்கம் வரும்போது நையாண்டிக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறும். 1460இல் சிறுமியாக மணமாகி வந்தவர். கணவர் போருக்குப் போன நாட்களில் ஊரை நிர்வகித்தவர். வாரிசாக ஒரு மகன் பிறந்த சில மாதங்களில், 1472இல், 26 வயதில் இறந்தார்.

பலகைகளின் பின்புறத்திலும் ஓவியம் உண்டு, லத்தீன் பாட்டும் உண்டு. கோமகன் வெள்ளைக் குதிரைத் தேரில் பவனி வருகிறார். அவருடைய பாட்டு நிகழ்காலத்தில் முழங்குகிறது. ஒற்றைக்கொம்புக் குதிரைகள் இழுக்கும் தேரில் அவர் மனைவி. மனைவியின் பாட்டு, நல்ல காலத்திலும் அடக்கமாக இருந்தார் என்று இறந்தகாலத்துக்குத் தாவுகிறது. அவர் பெயர் எல்லார் வாயிலும் வாழ்கிறதாம், மகத்தான கணவரின் செயல்களுக்குரிய புகழை அணிந்துகொண்டு. ஊரை நிர்வகித்த கணக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆக, நையாண்டிப் போட்டியில் மேலே கண்ட குறளுக்கு இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு, இந்த நாலு வரியைப் புகழ்ச்சி என்று நம்பி எழுதிக்கொடுத்தவருக்கு.