ஓக்கு மேசை அப்பா

மதுரை அண்ணாநகரிலோ கே.கே.நகரிலோ ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். காப்பி வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் உங்களைச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துப் போய், விரல் முட்டியால் 'டொக் டொக்' என்று தட்டி, "என்ன மரம்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்கிறாரா? சந்தேகமே வேண்டாம். மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு அமெரிக்காவிலிருந்து திரும்பிய அப்பா அவர். "தேக்குங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். காப்பியில் சர்க்கரை குறையும்.

போகும்போது அவரும் தேக்கு பக்தராகத்தான் போனார். காரைக்குடி வீட்டுத் தூணைத் தடவிப் பார்த்தே பர்மாத் தேக்கா, நிலம்பூர்த் தேக்கா என்று சொல்லக்கூடியவர். நியூஜெர்சியில் பனி கொட்டியது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்கத் துணைக்கு இருந்தது மேசை ஒன்றுதான். "ஓக்குப்பா" என்று மகன் போகிறபோக்கில் சொன்னது மனதில் விழுந்து வேர்விட்டது.

ஊர் வந்ததும் முதல் வேலையாக ஆசாரிக்கு ஆள் அனுப்பினார்.

"ஓக்குல ஒரு மேசை செய்யணும் ஆசாரி."

"அது என்னாங்கய்யா, புது மைக்காவா?"

ஆசாரி கேட்டதில் தப்பில்லை. கடைகளில் ஓக் என்று காட்டுவதில் பலவும் தூள்பலகை மேல் ஒட்டிய ஓக் நிறத் தாள்தான். அப்பா லேசில் ஏமாறுகிறவர் இல்லை. மேலே ஓடும் வரி பலகையின் ஓரத்திலும் இறங்கி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒரே முடிச்சு மூன்று இடத்தில் அச்சடித்த மாதிரி இருந்தால், "அச்சடிச்சதேதான்" என்று நகர்ந்துவிடுவார். கடைசியாக மேசைக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். "மேல பார்த்து மரம் வாங்காதே, கீழ பார்த்து வாங்கு" என்பது அவர் வேதம். கடைப் பையன்கள் அவர் வரும்போதே தரையைத் துடைத்து வைத்தார்கள்.

கடைசியில் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கிய வெள்ளை ஓக்கைக் கன அடிக் கணக்கில் வாங்கினார். ஆளுக்கு இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம், நாற்காலியை இழுக்கச் சுற்றிலும் மூன்றடி இடம் என்று கணக்குப் போட்டார். கணக்குச் சரியாக வந்தது. ஃபிரிட்ஜ்தான் படுக்கையறைக்குக் குடிபோனது. மேல்பலகையைத் திருகாணி போட்டு இறுக்கச் சொன்னபோது ஆசாரி மறுத்துவிட்டார். "சித்திரை வெயில்ல சுருங்கும், ஐப்பசி மழையில ஊதும். ஓட்டையை நீளவாக்குல விட்டாத்தான் மரம் நகரும். இறுக்குனா பொளந்துரும்யா." வருகிறவர்களிடம் அப்பா இப்போது இதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியாருக்கு இது பொறுக்கவில்லை. "ஓக்குக்குப் பேர்போன இங்கிலாந்துக்காரனே கப்பல் கட்ட ஓக் பத்தாம, தேக்கைத் தேடி பம்பாய்க்கு வந்தான் சார். 1817-ல அங்க கட்டுன 'டிரிங்கோமலி' போர்க்கப்பல் இன்னமும் இங்கிலாந்துல தண்ணியில நிக்குது" என்றார். அப்பா அசரவில்லை. "கப்பல் வேற, மேசை வேற சார். கப்பல்ல உக்காந்து இட்லி சாப்பிடவா முடியும்?"

அந்த மேசையிலும் சாப்பிட முடியாது என்பது வேறு விஷயம். சட்டதிட்டம் அப்படி. சூடான பாத்திரம் வைத்தால் ஆவி பாலிஷுக்குள் புகுந்து வெள்ளை வளையம் விழும் என்று அமெரிக்காவிலிருந்தே ஆறு கோஸ்டர் கொண்டுவந்திருந்தார். சாம்பார்ச் சட்டிக்கு முன்னால் அவை வெறும் பொட்டு. அம்மா பரணிலிருந்து பிரிமணையை எடுத்துப் போட்டார், வேலை முடிந்தது. மஞ்சள் கறைக்கு அப்பா பதறியபோது, "வெயில் பட்டா வெளுத்துரும், விடுங்க" என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்.

பெரிய கலவரம் தோசைக்கல்லால் வந்தது. கழுவிய ஈரத்தோடு அம்மா அதை மேசையில் வைத்து எடுக்க, கன்னங்கரேல் என்று ஒரு வட்டம். ஓக்கில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுத்துப் போகும். கடுக்காயும் அன்னபேதியும் போட்டு அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே வித்தையில்தான். ஆசாரி ஆக்சாலிக் அமிலம் தடவிக் கறையை எடுக்க வேண்டியதாயிற்று. "தோசை சுடாத ஊரு மரத்தை வாங்கிட்டு வந்து என்னைக் குத்தம் சொன்னா எப்படிங்க?" என்றார் அம்மா. வழக்கு அன்றோடு முடிந்தது. குடும்பம் தரையில் இலை போட்டுச் சாப்பிடுகிறது, மேசை ஓய்வெடுக்கிறது.

போன மாதம் மகன் வீடியோவில் வந்தான். புது வீட்டுக்கு மாறுகிறார்களாம்.

"மேசை?" என்றார் அப்பா, பேரனை விசாரிப்பதற்கு முன்பே.

"அதை யாருக்காவது குடுத்துருவோம்ப்பா. உள்ள எல்லாம் தூள்பலகை. மேல மட்டும்தான் ஓக்கு, பேப்பர் கனத்துக்கு ஒட்டியிருக்கான்."

ஆறு மாதம் அதில் கையூன்றி உட்கார்ந்தவர், ஒருநாள்கூட அதன் அடியில் படுத்துப் பார்க்கவில்லை. ஒரு நிமிடம் பேச்சே இல்லை. எதிர்வாசலில் நின்ற சரித்திர வாத்தியார் காதில் விழாமல் இருக்குமா? சிரித்துக்கொண்டே படியேறி உள்ளே வந்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு முந்திக்கொண்டார்:

"சார், ஒட்டுறதுலயும் நயம் ஒட்டுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"