க்ளெய்ம் மாமா

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒருவருக்கு மார்பை அடைத்துக்கொண்டு வந்தால், டாக்டருக்குப் போன் செய்வதா, ஆட்டோவைக் கூப்பிடுவதா, அல்லது சிறிது பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்து வாயு கலைகிறதா என்று பார்ப்பதா என வீட்டார் தடுமாறிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிஷங்களுக்குள், யாரும் சொல்லியனுப்பாமலே ஒருவர், கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையை இடுக்கிக்கொண்டு, திண்ணையைக் கடந்து உள்ளே வந்துவிடுவார். வலி இடப்பக்கமா வலப்பக்கமா என்று அவர் விசாரிப்பதில்லை. வியர்த்ததா என்றும் கேட்பதில்லை. படுத்திருப்பவரின் முகத்தருகே குனிந்து, மிகுந்த பரிவோடு, "ஸ்வாமி, பாலிசி உம்ம பேர்லயா, பிள்ளை பேர்லயா?" என்பார்.

இவரைத்தான் ஊரார் க்ளெய்ம் மாமா என்கிறார்கள். இவர் ஒரு தனி மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம்; இது ஒரு வர்க்கம், வீதிக்கு ஒருவராவது தேறுவார். பாங்கிலிருந்தோ, திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவிலிருந்தோ, பொன்மலை ரயில்வே பணிமனையின் அலுவலகத்திலிருந்தோ ஓய்வு பெற்று, பேரேடும் வவுச்சரும் இல்லாத வாழ்க்கை வெறிச்சென்று போய்க் கொஞ்ச காலம் கொள்ளிடக் கரையில் சோர்ந்து உலாவிய பிறகு, மனைவியின் கர்ப்பப்பை ஆபரேஷனையோ தம்பியின் சிறுநீரகக் கல்லையோ முன்னிட்டு முதன்முதலாக ஒரு க்ளெய்ம் பாரத்தைப் பூர்த்தி செய்ய நேர்ந்து, அதில் தம்முடைய யௌவனமே திரும்பி வரக் கண்டவர். உறைக்குள் என்ன இருக்கிறதென்று ஒரு நாள் திறந்து காட்டினார்: வீதியிலுள்ள முக்கால்வாசிக் குடும்பங்களின் ஆதார் நகல், ரத்துசெய்த காசோலை, இரண்டு நிறப் பேனா, கிளிப்புகள், ரெவின்யூ ஸ்டாம்ப், எச்சில் தொட்டுக் காகிதம் புரட்டுவது அநாசாரம் என்பதற்காக ஒரு சிறிய ஈரப் பஞ்சு டப்பி. மருந்தென்று ஒரு மாத்திரைகூட அதில் கிடையாது.

மனிதர்களை அவர் கோத்திரத்தால் அறிவதில்லை, திட்டத்தால் அறிகிறார். எதிர்வீட்டுக்காரர் மத்திய அரசில் இருந்தவர், ஆகவே 1954-ல் டில்லியில் பிறந்த மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தைச் சேர்ந்தவர். அவருக்கு அடுத்த வீட்டார் ராணுவத்திலிருந்து வந்தவர், 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் திட்டத்துக்காரர். கோடி வீட்டு ஆசிரியை மாநில அரசின் ஓய்வூதியர். மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்தில் பிடித்தம். மளிகைக் கடையில் சம்பளத்துக்கு இருக்கும் பையன், மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டாத வரையில் ஈ.எஸ்.ஐ.க்கு உரியவன், ஆனால் முதலாளி அவனைப் பதிவு செய்யவில்லை என்பது மாமாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும் என்பது முதலாளிக்கும் தெரியும், அதனால் அந்தக் கடையில் மாமாவுக்கு மட்டும் துவரம்பருப்பு எப்போதும் சரியான எடையில் கிடைக்கும். இவற்றுள் எதிலும் அடங்காதவர்கள்தான் சொந்தப் பணத்தைக் கட்டித் தனியார் கம்பெனியில் பாலிசி எடுத்தவர்கள். மாமாவின் விசேஷ கவனத்துக்கும் விசேஷ அனுதாபத்துக்கும் பாத்திரமானவர்கள் அவர்களே.

ஆனால் இந்த வீதியில் எல்லோரைக் காட்டிலும் உயர்ந்த காப்பீடு யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், அவர் தம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளைத்தான் காட்டுவார். 2009-ல் கலைஞர் பெயரால் வந்த திட்டமும், 2012 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2018-ல் அதனோடு வந்து இணைந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் சேர்ந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரையில் பிரீமியமே இல்லாமல் வைத்தியம் என்னும் நிலையை உண்டாக்கியிருக்கின்றன. "கோவில்ல தர்ம தரிசன வரிசையும் உண்டு, கட்டண வரிசையும் உண்டு. இங்கே தர்ம வரிசைக்காரா முன்னாடி போயிண்டிருக்கா, டிக்கெட் வாங்கின நாம கம்பியைப் பிடிச்சிண்டு நிக்கறோம்" என்பார். அந்தத் தர்ம வரிசையில் நின்று பார்த்தவர்கள் மாமாவின் கட்சியை முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வருமானச் சான்றுக்கு ஒரு நாள் கூலி போகும், கலெக்டர் ஆபீஸில் குடும்பமே போய் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள இன்னொரு நாள் கூலி போகும், பட்டியலில் இல்லாத வியாதி வந்துவிட்டால் அட்டை வெறும் அட்டைதான். இவ்வளவும் அறிந்தவராகையால், அந்த அம்மாளின் புருஷனுக்கு இருதயத்தில் அடைப்பு என்று தெரிந்த அன்று மாமாவே ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்துக்கென்றே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணின் முன்னால் காலையிலிருந்து அசையாமல் நின்று, அநுமதி வந்த பிறகுதான் நகர்ந்தார். ஒரு காசு செலவில்லாமல் ஸ்டென்ட் வைத்து மனிதர் வீடு திரும்பினார். அதைப் பற்றி மாமா பெருமையாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு பாரத்தில்கூடத் தாம் கையெழுத்துப் போட நேரவில்லையே என்கிற மனத்தாங்கல்தான் காரணம் என்று மாமி சொல்கிறாள்.

மாமாவின் சரித்திர ஞானமும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-லேயே தொழிலாளிகளுக்கு நோய்க் காப்பீடு கொண்டுவந்ததையும், இங்கிலாந்தில் 1948 ஜூலை முதல் ஆஸ்பத்திரியில் பில் என்பதே இல்லாமற் போனதையும், நம் தேசத்தில் 'மெடிக்ளெய்ம்' என்னும் சரக்கு 1986-ல் அரசாங்கக் கம்பெனிகள் நான்கின் மூலமாக விற்பனைக்கு வந்ததையும் அவர் தேதி பிறழாமல் சொல்வார். கோவிலுக்குள் தன்வந்திரி சந்நிதியில் தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, இந்தக் கோவிலைச் சேர்ந்து ஓர் ஆரோக்கியசாலை இருந்ததையும், கருடவாஹன பட்டர் அதைப் புதுப்பித்ததையும் ஞாபகப்படுத்துவார். செங்கற்பட்டுப் பக்கம் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைச் சொல்கிறது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், சல்லியக் கிரியை செய்பவர், மருந்து கொண்டு வருகிறவர்கள், பணிப்பெண்கள், நாவிதர் என்று ஆளுக்கு ஆள் கூலி நிர்ணயித்திருக்கிறது. "எல்லாரையும் எழுதியிருக்கான், ஓய்! 'இது எங்கள் பொறுப்பல்ல'ன்னு லெட்டர் போடறவனுக்கு மட்டும் ஒரு நாழி நெல்லு எழுதலை. பதினோராம் நூற்றாண்டில் அந்த உத்தியோகமே இல்லை."

நூற்றாண்டுகளை விட்டு நிகழ்காலத்துக்கு அவர் இறங்கும் இடம் பெரும்பாலும் தில்லைநகர். காவேரிப் பாலத்துக்கு அப்பால், குறுக்குத் தெருவுக்குக் குறுக்குத் தெரு ஸ்கான் நிலையமும் மருந்துக் கடையும் நர்ஸிங் ஹோமுமாக விளங்கும் அந்தப் பேட்டையில், வியாதியஸ்தருக்கு அறை அமர்த்தும் சமயத்தில்தான் மாமாவின் சாஸ்திரம் முழுப் பிரகாசத்துடன் ஒளிவிடும். பெங்களூரிலிருந்து ஓடிவந்த பிள்ளை, தகப்பனாரிடம் உள்ள பக்தியினால், நாளைக்கு 6,000 ரூபாய் வாடகையில் சோபாவும் ஜன்னலும் உள்ள அறையைக் காட்டி, "இதுவே இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவான். மாமா பதறிப்போவார். பாலிசித் தொகை 3 லட்சம். அறை வாடகைக்கு அதில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 3,000 ரூபாய்தான் வரம்பு. வாடகையில் மிச்சமுள்ள 3,000-ஐக் கைப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று பிள்ளையாண்டான் நினைப்பான், தீராது. இரண்டு மடங்கு வாடகையுள்ள அறைக்குப் போனவருக்கு, டாக்டர் பீஸ், தியேட்டர் வாடகை, நர்ஸுகளுக்கான கட்டணம் ஆகியவற்றிலும் பாதியைத்தான் கம்பெனி கொடுக்கும். அந்த இனங்கள் 1,40,000 ரூபாய் ஆயிற்றென்றால் 70,000 நம் தலையில். "மருந்துக்கும் உள்ளே வைக்கிற உலோகத்துக்கும் இந்தக் கத்தி கிடையாது, அதைப் போடவும் கூடாதுன்னு விதி" என்று நியாயம் தவறாமல் அடுத்த மூச்சில் சொல்லிவிட்டு, மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடக்கும் தகப்பனாரை இரண்டு பேர் தங்கும் அறைக்கு மாற்றும்படி ஸ்ட்ரெச்சருக்கு உத்தரவிடுவார். சோபா போட்ட அறையின் ஜன்னல் வழியே மலைக்கோட்டை தெரிகிறது என்று பிள்ளை முனகுவான். "மலைக்கோட்டை எழுபதாயிரத்துக்குத் தெரியறது" என்பார் மாமா.

வீட்டுக்குப் போகிற நாளோ, அது ஒரு தனிப் பர்வம். காலை எட்டு மணிக்கு டாக்டர் தோளைத் தட்டி, "இன்றைக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். வேஷ்டி மாற்றியாகிவிடும், பிளாஸ்க் கழுவியாகிவிடும், ஆட்டோவும் வாசலில் வந்து நிற்கும். ஆனால் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே இருக்கும் டி.பி.ஏ. என்னும் அசரீரியிடமிருந்து அநுமதி வராத வரையில் கட்டிலை விட்டுக் கால் இறங்கக் கூடாது. கடைசி அநுமதியை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது போட்டால் கம்பெனியே அதை ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதத்தில் இட்ட உத்தரவை மாமா அச்சடித்து வைத்திருக்கிறார். அதைக் கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் நீட்டுவார். அவள் மரியாதையாக வாங்கிப் படித்து, "கரெக்ட் சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, "மெயில் போட்டிருக்கோம், பதில் வரணும்" என்பாள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பில்லைச் சிவப்புப் பேனாவால் வாசிக்க ஆரம்பித்துவிடுவார். கையுறை இத்தனை ஜோடி, முகக்கவசம் இத்தனை, அட்மிஷன் கிட் ஒன்று (ஒரு சீப்பு, ஒரு சோப்பு, யாரும் தொடாத ஒரு டூத் பிரஷ்) என்று கம்பெனி கொடுக்காத இனங்கள் வரிசையாக வரும். அந்தச் சீப்பை அவர் ஒரு முறை கையில் எடுத்து, நோயாளியின் தலையையும் ஒரு முறை பார்த்தார். நோயாளி பூரண வழுக்கை.

இவ்வளவு ஆஸ்பத்திரி கண்ட மனிதர் தாம் ஒரு நாள்கூடக் கட்டிலில் படுத்ததில்லை. அதற்குக் காரணம் தேக திடமன்று. ரத்தத்தில் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாமி எத்தனை முறை மன்றாடியும் அவர் லாபரேட்டரி வாசலை மிதிப்பதில்லை. பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் அடுத்த பாரத்தில் மறைக்காமல் எழுத வேண்டும், எழுதினால் அது 'முன்பே இருந்த நோய்' என்கிற பட்டியலில் ஏறி மூன்று வருஷம் வரையில் காத்திருக்கச் சொல்வார்கள். பொய் சொல்வது பாவம் என்று நம்புகிறவராகையால் தெரியாமலே இருப்பதென்று தீர்மானித்துவிட்டார். அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை போனில் இதைக் கேட்டுச் சிரித்தானாம். அங்கே பாலிசி இருந்தும் முதல் சில ஆயிரம் டாலர்களைக் கைப்பணத்திலிருந்து கொடுத்த பிறகுதான் கம்பெனி கண்ணைத் திறக்கும் என்று அவன் விளக்கப்போக, மாமா ஒரு வாரம் அந்தத் தேசத்துக்காக வருந்தினார். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை என்று செய்தி வந்தபோது மட்டும் அவர் வீடு வீடாகப் போய்க் கல்கண்டு கொடுத்தார். அது சர்க்கரைதானே என்று மாமி கேட்டாள். தாம் வாயில் போட்டுக்கொள்ளவில்லை என்று பதில் வந்தது.

சென்ற வருஷம் அடையவளைந்தான் வீதியில் ஒரு கிழவருக்குக் கண்ணில் புரை முற்றியது. பாலிசி இருந்தது, தொகையும் இருந்தது. ஆனால் புரைக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அந்த இரண்டு வருஷம் மாசி மாதத்தில்தான் பூர்த்தியாகிறது. வைகுண்ட ஏகாதசியோ மார்கழியில். "ரெண்டே மாசம், ஸ்வாமி. இன்னொரு கண் நன்னாத்தானே இருக்கு" என்று மாமா கெஞ்சினார்.

"நம்பெருமாள் ரத்னாங்கியில் ஏளறச்சே ஒரு கண்ணால பாதியைச் சேவிச்சுட்டு, மீதியை மாசியில சேவிச்சுக்கோன்னு சொல்றீரா?" என்று கிழவர் கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் புத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், இலவசமாகவே ஆபரேஷன் செய்து லென்ஸும் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியுடன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஏகாதசியன்று பரமபத வாசலில் இடிபட்டுக்கொண்டு போய்த் திருப்தியாகச் சேவித்தும் வந்தார்.

மாமா சில நாள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. பிறகு ஒரு மாலை, உறையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, கிழவரின் பாலிசியை எடுத்துப் பிரித்து, பஞ்சில் விரலைத் தொட்டுக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டினார். முகத்தில் மெல்லத் தெளிவு வந்தது.

"க்ளெய்ம் பண்ணாததாலே போனஸ் அப்படியே நிக்கறது. நீர் செஞ்சது ஒண்ணும் தப்பில்லை. புதுப்பிக்க மட்டும் மறந்துடாதேயும். இன்னொரு கண் பாக்கி இருக்கே, அதை மாசிக்கு மேல வெச்சுக்கலாம்."