காலண்டர் கட்டளையும் காவிரித் தண்ணீரும்: ஓர் ஆய்வு

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் 'காலண்டர்' என்றொரு குட்டிக் கட்டளை உண்டு. அதே பெயரில் ஒரு கோப்பு வைத்து, வரிக்கு ஒரு தேதியும் அதன் எதிரே சங்கதியும் எழுதிவிட வேண்டியது. அப்புறம் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால், இன்றைக்கும் நாளைக்கும் உரிய வரிகளை மட்டும் பொறுக்கிக் காட்டும். பிஎஸ்டி, லினக்ஸ் கணினிகளில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் சாகுபடி ஆண்டை இதனிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதை அறிஞருலகம் கண்டுகொள்ளாமல் விட்டது பெருங்குறை. இக்கட்டுரை அதை நீக்க முயல்கிறது.

கட்டளைக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது: தேதி அசையாது, மனிதனுக்குத்தான் மறதி. காவிரி டெல்டாவில் ஜூன் 12ஐ மறந்தவர் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மேட்டூர் அணை திறக்கிற நாள் என்று சொல்லும். எல்லோருக்கும் ஞாபகம் இருந்தும் வராமல் போவது அந்தத் தேதிதான்.

சான்றுகளைப் பார்ப்போம். அணை 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2, 2018இல் ஜூலை 19, 2019இல் ஆகஸ்ட் 13 அன்று திறந்தது. நான்கு வருஷமும் கட்டளை மட்டும் ஜூன் 12 காலையில் கடமை தவறாமல் 'அணை திறப்பு' என்று கூவியிருக்கும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். கட்டளை நம்பியிருந்த ஜூன் 12 வர இன்னும் 19 நாள் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் மாறும் தேதிகளின் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடும் வழக்கம் அதற்கு உண்டு. ஈஸ்டருக்குப் போடும். 'மே மாதம் இரண்டாம் ஞாயிறு' என்பதற்கும் போடும். கர்நாடகத்தில் மழை பெய்ததைப் பொறுத்தது என்று குறிக்க அதனிடம் குறி ஏது?

ஜூன் 12 சும்மா வந்த தேதி இல்லை. ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகம் 110 நாள் பயிர். ஜூன் 12 அன்று விதை விட்டால் செப்டம்பர் 30 அறுப்பு. வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் நெல் களம் ஏறிவிடும். 2019 போல ஆகஸ்ட் 13 என்றால் அதே கணக்கு டிசம்பர் 1இல் போய் விழும். கதிர் தண்ணீரில் கிடக்கும். பம்புசெட் உள்ளவர் அணையைப் பாராமல் குறுவை போடுவார். இல்லாதவர் குறுவையை விட்டுவிட்டு சி.ஆர். 1009 விதைத்து, ஒருபோகச் சம்பாவோடு நிறுத்திக்கொள்வார்.

கட்டளையை வெள்ளிக்கிழமை தட்டினால் மட்டும் திங்கள்வரை சேர்த்துக் காட்டும். சனி, ஞாயிறு ஆபீஸ் இல்லை என்ற ஏற்பாடு அது. முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில் நம் முறை சனிக்கிழமை நள்ளிரவில் வந்தாலும் மண்வெட்டியோடு போயே ஆகவேண்டும்.

கனடாவின் டையன் ஸ்கால் எழுதிய 'ரிமைண்ட்' காலண்டர் கட்டளையைவிடக் கெட்டிக்காரக் கருவி. 'ஜூன் 12, கூட்டல் 7' என்று எழுதினால் ஒரு வாரம் முன்பிருந்தே எச்சரிக்கும். நாள் கணக்குப் போடும், நிபந்தனையும் ஏற்கும். யூத நாட்காட்டிகூட அதற்கு அத்துப்படி. ஆனால் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனைக்குரிய புஷ்ய பகுள பஞ்சமியைக் கேட்டால் விழிக்கும். ஆராதனை 2023இல் ஜனவரி 11, 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்து நாமேதான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதும்போதே மனப்பாடம் ஆகிவிடும் என்பதால், கருவியின் தேவை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

போட்டியில் இருப்பது உரக்கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர். ராகு காலம், எமகண்டம், மேல்நோக்கு நாள் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். ஓரத்தில் பென்சிலால் 'நாத்து விட்டது', 'யூரியா 2 மூட்டை பாக்கி', 'கேஸ் மாத்தியது'. சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது அச்சகக்காரர்களின் வழக்கம். காவிரிக்கரையில் படையல் போடும் நாளிலேயே காலண்டருக்கும் பிள்ளையார் சுழி. ஒரே பலவீனம், கிழிக்க ஆள் வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் திரும்பும்வரை அதே செவ்வாய்க்கிழமைதான்.

கடைசிச் சோதனை பயிர்க் காப்பீடு. சம்பாவுக்கு நவம்பர் 15 கெடு. கட்டளை 14ஆம் தேதியும் 15ஆம் தேதியும் சரியாகச் சொல்லும். அதை நம்பியவர் சிட்டாவும் அடங்கலும் கையில் பிடித்தபடி இ-சேவை மையத்து வரிசையில் நிற்பார். "எப்படியும் தேதியைத் தள்ளிவைப்பாங்க அண்ணே" என்றவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். 2022, 2023, 2024 மூன்று வருஷமும் தள்ளித்தான் வைத்தார்கள்.