பாகூருக்கு வந்த அம்மா

நம் திரையில், பிள்ளையை விட்டுப் போன அம்மா திரும்பி வந்தால் யாராவது ஒருவர் உடைந்து அழுதாக வேண்டும். அதுவரை கதை முடியாது. 1991 தீபாவளிக்கு வந்த ‘தளபதி’யில், சரக்கு ரயில் பெட்டியில் போட்டுவிட்டுப் போன குழந்தை ரஜினியாக வளர்ந்து நிற்க, ஸ்ரீவித்யா அவரைக் கண்டுகொள்ளும் இடத்தில் எங்கள் எல்லோருக்கும் தொண்டை அடைத்தது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வரும் ரயில் பாதை 1879-இல் போட்டது. வில்லியனூர் அதன் வழியில்தான் இருக்கிறது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த எங்களுக்குக் கூட்ஸ் வண்டிச் சத்தம் ஒரு செய்தியே இல்லை. படம் பார்த்த பிறகு கொஞ்ச காலம் அதைக் கேட்டால் பெட்டிக்குள் ஒரு குழந்தை இருக்குமோ என்று தோன்றும்.

அந்தக் காலத்தில் டிவி என்பது ஊருக்கு ஒன்றிரண்டு. சென்னைத் தூர்தர்ஷனில் செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு மாலைப் படம். எங்கள் தெருவில் டிவி இருந்தது ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாடியில் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து இன்னொருவன் “தெரியுது, தெரியுது, போச்சு” என்று கத்த, திண்ணை வரை கூட்டம் நிற்கும். நாடகத்தில் அம்மாவும் மகளும் சேரும் நேரத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் முந்தானையை எடுத்துவிடுவார்கள்.

எங்கள் அக்கா மட்டும் அந்த இடத்தில் எழுந்து போய்விடுவாள். பெரியம்மா மகள். பாகூரில் ஆயாவிடம் வளர்ந்தவள், பள்ளி விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். அவளுக்கு ஏழு வயதானபோது பெரியம்மா பிரான்சுக்குப் போய்விட்டார்.

இப்படிப் போனவர்களின் கதை, முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் புதுச்சேரிக் கொம்யூன்களில் நிறைய உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கை மாறியது. சட்டப்படியான மாற்றத்துக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அப்போது அவகாசமும் தந்தார்கள். எழுதிக் கொடுத்த சில ஆயிரம் பேரின் குடும்பங்கள் பெருகி, பிரெஞ்சு மாப்பிள்ளை என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும் நிலை வந்தது. தேசம் மாறியதைப் பற்றிக் கல்வெட்டு உண்டு, ஆண்டுவிழா உண்டு. அந்தக் காகிதங்கள் வழியாக வீட்டுக்குள் விழுந்த பிரிவுகளை எழுதி வைத்தவர்கள் குறைவு. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

பெரியப்பா இறந்த பின் பெரியம்மாவுக்கு அமைந்த இரண்டாம் கல்யாணம் அப்படிப்பட்ட மாப்பிள்ளையோடுதான். “ஒரு வருஷத்துல பாப்பாவ கூப்டுக்குறேன்” என்று சொல்லிப் போனார். முதலில் நீல ஏரோகிராம் வந்தது, பிறகு பணம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அங்கே பிரெஞ்சுக்காரர்களுக்குக் குடும்பப் புத்தகம் என்று ஒன்று கொடுப்பார்கள். கணவன் மனைவிக்கு ஒரு பக்கம், பிறக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பக்கம். அதன் நகல் ஒன்று எதற்கோ ஆயா வீட்டுக்கு வந்திருந்தது. அக்கா அதை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். புது தம்பியின் பெயர் இருந்தது, புது தங்கையின் பெயர் இருந்தது. மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். ஆயா செத்ததற்கும் பெரியம்மா வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா அவரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

1993-இல் சன் டிவி வந்தது, கேபிள்காரர் வீடு வீடாக வயர் இழுத்தார். ஆன்டெனா துருப்பிடித்தது. ராதிகாவின் ‘சித்தி’ ஓடும் நேரத்தில் பாகூர்க் கடைத்தெருவே வெறிச்சோடும். 2011-இல் ஜீ தமிழில் ‘சொல்வதெல்லாம் உண்மை’ தொடங்கியபோது, நாடகத்தில் பார்த்ததை நிஜ மனிதர்களே வந்து செய்தார்கள். நிர்மலா பெரியசாமியும் அவருக்குப் பின் லட்சுமி ராமகிருஷ்ணனும் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்க, விட்டுப் போனவர் ஒரு பக்கம், விடப்பட்டவர் ஒரு பக்கம். 2018-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போடும் அளவுக்கு விவகாரம் போனது.

அக்காவையும் அங்கே போகச் சொன்னவர்கள் உண்டு. பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் விடாமல் வற்புறுத்தினாள். அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “ஊரு எதிர்ல நிக்க வெச்சிக் கேட்டா அவங்க ஊருக்குத்தான் அத்தை பதில் சொல்லுவாங்க. எனக்குச் சொல்ல மாட்டாங்க.” அந்த நிகழ்ச்சியைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனம் எதையும் நான் படித்ததில்லை.

பெரியம்மா கடைசியில் வந்தார். ஈஸ்டருக்குப் பிறகு நடக்கும் வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் மாதாவுக்கு நேர்ந்துகொள்வதில் எங்கள் பக்கம் யாரும் மதம் பார்ப்பதில்லை. 1877-இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த லூர்து மாதா சிலை அது. கோயிலுக்கு எதிரே உள்ள குளத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, “பாகூருக்குப் போவலாமா?” என்றார் பெரியம்மா. கூட அவர் பேத்தி, பாரிஸ் பக்கம் பிறந்து வளர்ந்த பெண். கடலூர் சாலையில் தமிழ்நாடு வந்து, புதுச்சேரி வந்து, மறுபடி தமிழ்நாடு வந்து, கன்னியக்கோவிலில் திரும்பும் வரை பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா வாசலுக்கு வந்து எதிர்கொள்ளவில்லை. அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கோடையில் பாகூர் ஏரித் தண்ணீர் இறங்கும்போது பிடிக்கிற விரால். சாம்பல் தொட்டுத் தொட்டு, வழுக்காமல் பிடித்துத் தலையை அரிந்துகொண்டிருந்தாள். பெரியம்மா நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார். நான் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை.

“கொழம்புல புளி தூக்கலா இருக்கணுமா ஒனக்கு?” என்றார் பெரியம்மா.

“ஆயா வெக்கிற மாதிரி இருக்கணும்.”

“மாங்கா போடுவாங்க அம்மா.”

“தெரியும். வாங்கி வெச்சிருக்கேன்.” கொஞ்சம் பொறுத்து அக்கா சொன்னாள்: “கோவம் இன்னும் போவல எனக்கு.”

“இருக்கட்டும்” என்றார் பெரியம்மா. உட்கார்ந்து மாங்காயை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அந்தப் பேத்தி தன் போனில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் ஒரு எபிசோடைப் போட்டுக் காட்டினாள். தனக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னாள். 1997 மே மாதம் ஒளிபரப்பான மூன்றாம் சீசன் கடைசி எபிசோடில், ஃபீபி தன் பெற்றோரின் பழைய சினேகிதி ஒருத்தியைக் கடற்கரை ஊரில் தேடிப் போகிறாள். அந்த அம்மாளுக்கும் ஃபீபி என்றுதான் பெயர். தன்னைப் பெற்றவளே அவள்தான் என்று எபிசோடு முடியும்போது தெரிகிறது. வளர்த்த தாய் எப்போதோ தற்கொலை செய்துகொண்டவள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அடுத்த சீசனின் முதல் எபிசோடில்தான் இருவரும் பேசுகிறார்கள். பெற்றவளாக நடித்தவர் டெரி கார். 2024 அக்டோபரில் காலமானார்.

அது நகைச்சுவைத் தொடர். அதே எபிசோடின் இன்னொரு பக்கத்தில் ஜெல்லி மீன் கொட்டியதை வைத்துப் பெரிய கூத்து நடக்கிறது. இருபத்துச் சொச்சம் நிமிடத்தில் இரண்டையும் முடிக்க வேண்டும். இருந்தும் அதை எழுதியவர்கள் ஒரு முக்கியமான காரியம் செய்திருக்கிறார்கள். சின்ன வயசு, பயந்துவிட்டேன் என்று தாய் சொல்லும் காரணத்தை மகள் ஏற்றுக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டு போகிறாள். பிறகு உனக்கு என்ன பிடிக்கும், எனக்கு என்ன பிடிக்கும் என்று இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசத் தொடங்குகிறார்கள். யாரும் யார் காலிலும் விழுவதில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்க, பழக்கம் ஒரு பக்கம் தொடங்குகிறது.

அக்கா முழுசும் பார்த்தாள். இந்த முறை எழுந்து போகவில்லை. “இவ ஒடனே கட்டிப் புடிக்கல பாரு. நல்ல பொண்ணு” என்றாள். பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்.

தமிழில் எனக்குத் தெரிந்து இதற்குப் பக்கத்தில் வந்தது 2002-இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. போர் நடக்கும் இலங்கையில் பெற்றவளைக் கண்டுபிடிக்கிற அமுதா கேள்வியாகக் கேட்கிறாள். நந்திதா தாஸிடம் முழுப் பதில் இல்லை, கூட வரவும் முடியவில்லை. மகள் வளர்த்தவர்களோடு திரும்பிப் போகிறாள். அந்த நேர்மைக்காக அந்தப் படத்தை எத்தனை முறை போட்டாலும் பார்ப்பேன். நகைச்சுவைத் தொடரில் நமக்கு மாமியார் வருவார், மருமகள் வருவாள், ஏமாளிக் கணவன் வருவான். விட்டுப் போன அம்மா வந்து உட்கார்ந்த எபிசோடு ஒன்றுகூட என் நினைவில் இல்லை. அம்மாவைத் தெய்வமாக வைத்த பிறகு அவரோடு சிரிக்கவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. இந்தக் கட்டுப்பாடு அக்காவைப் போன்ற பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் கொஞ்சமில்லை. மன்னித்தால்தான் நல்ல மகள் என்று டிவி அவளுக்கு வாராவாரம் சொல்லிக்கொண்டே இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸப்பில் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சமையல், முழங்கால் வலி, அங்கே குளிர், இங்கே ஏரியில் தண்ணீர் எவ்வளவு. ஏன் விட்டுட்டுப் போனே என்ற கேள்வியை அக்கா இதுவரை கேட்கவில்லை. கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. “அங்க ஒருதரம் வாயேன்” என்று பெரியம்மா கூப்பிட்டதற்கு, “நடவு முடியட்டும், பாக்கலாம்” என்று சொல்லியிருக்கிறாள்.

நம் சேனல்களுக்கு எழுதும் பிள்ளைகள் யாராவது இதை எடுத்துக்கொண்டால் சந்தோஷப்படுவேன். பாகூரிலும் வில்லியனூரிலும் கதைக்குப் பஞ்சமில்லை. சொல்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் தெருவுக்கு நாலு சொல்வார்கள். அம்மா வருகிற காட்சியை அடுப்படியில் வையுங்கள். பின்னணி இசை வேண்டாம். மீன் ஆய்கிற சத்தமே போதும்.