ஆறுதலா இருக்க வந்தவர்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் ஒரு தொடர்மாடி நிற்கும். அதன் ஐந்தாம் மாடியில் ஒரு லண்டன் அண்ணை இருப்பார். சில ஒழுங்கைகளில் அவர் கனடா அண்ணை, சுவிஸ் அண்ணை. தொப்பி மாறும், தலை ஒன்றுதான். முப்பது வருஷம் லண்டன் ஹரோவில் ஓடிக் களைத்து, "காணும், இனி ஆறுதலா இருப்பம்" என்று வந்து இறங்கியவர்.

ஆறுதலுக்கு ஏன் வெள்ளவத்தை என்று கேட்கக்கூடாது. நான் கேட்டேன். "ஊரில வீடு வளவு கிடக்குத்தானே அண்ணை, கிணத்தடியில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கலாமே?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? ஏழு மணிக்குப் பிறகு அங்க ஒரு சனமில்லை. நுளம்பு வேற."

ஆக, அமைதி வேண்டும். ஆனால் ஏழு மணிக்குப் பிறகும் சனம் வேண்டும். நடக்கிற தூரத்தில் ஆஸ்பத்திரி, கோயில், மீன் சந்தை, நல்ல இடியப்பக் கடை வேண்டும். இத்தனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமைதியாக இருப்பது எப்படி என்றுதான் அவர் இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

விடிந்ததும் கரையோர ரயில் அவருடைய கண்ணாடி யன்னலை ஒரு தரம் உலுப்பிவிட்டுப் போகும். அது போக, பாண்காரனின் த்ரீவீலர் பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' இசையை அலறவிட்டபடி ஒழுங்கைக்குள் வரும். லண்டனில் ஒரு நாளும் டிக்கெட் எடுத்துக் கேட்காத பீத்தோவனை இங்கே காலை ஆறரைக்கு, படுக்கையில் கிடந்தபடி, இலவசமாகக் கேட்கிறார். பிறகு தேத்தண்ணி. அந்தத் தேயிலை ஹரோவில் வாங்கி, சூட்கேசில் வைத்து இலங்கைக்குக் கொண்டுவந்த சிலோன் தேயிலை. "நல்லதெல்லாத்தையும் வெளியில அனுப்பிப்போட்டுத் தூளைத்தானே இஞ்ச விக்கிறாங்கள்" என்பார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை.

எளிய வாழ்க்கைக்கு என்ன வேண்டும்? ஒரு பாய், ஒரு செம்பு என்று நினைப்பீர்கள். அண்ணையிடம் தண்ணீர் வடிகட்டும் மெஷின், ஈரப்பதம் உறிஞ்சும் மெஷின், எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் மெஷின் எல்லாம் இருக்கின்றன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த கதையைச் சொல்லியே கடைக்காரன் ஒரு பெரிய இன்வேட்டரையும் அவர் தலையில் கட்டிவிட்டான். இத்தனையையும் திருத்துகிறவர்கள் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்பார்கள். அண்ணை வீட்டை விட்டு வெளியே போகாமல் காவல் இருப்பார். நண்டுக்கு விலை கேட்டால் பவுண்ஸால் பிரித்து "சீப்" என்பார். சமைக்க வருகிற அம்மாவின் சம்பளக் கதை வந்தால் மட்டும் ரூபாயில்தான் யோசிப்பார்.

வந்த புதிதில், சும்மா இருக்கிறாரே என்று அவரைத் தொடர்மாடி நிர்வாகக் கொமிட்டிக்குச் செயலாளராக்கினார்கள். அன்றோடு ஆறுதல் போச்சு. தண்ணீர்த் தாங்கி கழுவுவது, வாகனம் நிறுத்துவது, மூன்றாம் மாடியார் பல்கனியில் மிளகாய் காயவைப்பது, எல்லாம் அவர் தலையில். லிப்டுக்குள் அவர் ஒட்டிய அறிவித்தல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இப்போது கண்ணாடியில் முகம் பார்க்க இடமில்லை. இரவு பதினொன்றுக்குத்தான் ஓய்வு. அப்போது லண்டனில் பேரப்பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கிற நேரம், வீடியோவில் வருவார்கள். கொழும்பு நேரத்தில் எழும்பி லண்டன் நேரத்தில் படுக்கிறார்.

இந்த ஒழுங்கைகளில் முன்பு, யுத்த காலத்தில், லொட்ஜுகள் இருந்தன. வெளிநாடு போக ஏஜென்டின் போன் வருமட்டும் பெடியள் அங்கே முடங்கிக் கிடந்தார்கள், கதவு தட்டப்பட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பை விட்டே அனுப்பியது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அண்ணையும் ஒரு காலம் அப்படிக் காத்திருந்தவர்தான். இன்று அதே ஒழுங்கையில் லிப்ட் இரண்டு நிமிஷம் பிந்தினால் கொதிக்கிறார். கொதிக்கட்டும், அந்தக் கொதிப்பு எனக்கு நல்லதாகவே படுகிறது.

நிரந்தரமாக வந்துவிட்டாரா? இங்கே கேட்டால் "ஓம், நிரந்தரம்." இரட்டைக் குடியுரிமைகூட எடுத்துவிட்டார். அதைக் கொடுப்பதை 2011இல் நிறுத்தி 2015இல் திரும்பவும் தொடங்கினார்கள். 55 வயது தாண்டியிருப்பதும் அதற்கு ஒரு தகுதி. ஹரோவில் குடும்ப டொக்டரிடம் கேட்டால் மட்டும் அவர் "ஹொலிடே போயிருக்கிறார்". காரணம் உண்டு. இலங்கையில் குடியேறியவருக்குப் பிரித்தானிய அரச ஓய்வூதியம் ஆண்டுக்காண்டு கூடாது, தொடங்கிய தொகையிலேயே உறைந்து நிற்கும். கனடாவில் இருந்தாலும் அப்படித்தான். அமெரிக்காவில் இருந்தால் கூடும். பிரித்தானியாவின் இலவச வைத்தியமும் அங்கே குடியிருப்பவருக்குத்தான். ஆகவே ஆறு மாதத்துக்கொருக்கால் ஓடிப்போய், மாத்திரையையும் மார்மைட் போத்தலையும் அள்ளிக்கொண்டு வருகிறார். எளிய வாழ்க்கைக்குப் பதினொரு மணித்தியாலம் பறக்கவேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு அவருடைய மச்சான் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார். செட்டியார் தெரு நகைக்கடையில் காலமெல்லாம் கணக்கெழுதியவர். மகள் ஸ்காபரோவில், அப்பாவுக்குக் கனடா சூப்பர் விசா போட்டிருக்கிறாள். அண்ணை விடாமல் புத்தி சொன்னார். "அங்க போய் என்ன செய்யப்போறாய்? ஓட்டம், குளிர், வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கவேணும்."

"அடைஞ்சு கிடக்கத்தான் அத்தான் போறன். இஞ்ச ஒரே இரைச்சல். அங்க சத்தம் சந்தடி இல்லையாம், ஆறுதலா இருக்கலாமாம்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன்.

"அதை விடுங்கோ" என்றார் மச்சான். "உங்கட அந்த விண்டர் கோட்டை எனக்குத் தாறியளோ? இனி உங்களுக்கு என்னத்துக்கு?"

"அது ஹரோவில கிடக்கு" என்றார் அண்ணை அவசரமாக. "போன மாதம்தான் ட்ரைகிளீன் பண்ணி வைச்சனான்."